இருண்ட நாவல் ஒன்று படிக்க ஆசை: எதில் தொடங்குவது?

இருண்ட, சூழல் கனத்த நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவர், "முடித்துப் பல நாளாகியும் அந்த வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை" என்கிறார். இன்னொருவர், "எதுவுமே நடக்கவில்லை. எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மழையைப் பார்க்கிறார்கள். பாதியில் வைத்துவிட்டேன்" என்கிறார். இந்த இரண்டாமவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "உங்களுக்கு இருட்டெல்லாம் ஒத்துக்கொள்ளாது போல."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாதியில் வைத்தவர் தொடர்கொலைக் கதைகளைத் தூக்கத்தைத் துறந்து படிப்பவராக இருக்கலாம். இருட்டு அவருக்குப் பிரச்சினையே இல்லை. சாதாரணக் கதைகள் கேட்காமலே தந்துவிடும் சில வசதிகள் உண்டு: நமக்குப் பிடித்துப்போகிற ஒரு ஆள், கடைசியில் ஒரு விடை, முன்பின் குழம்பாத காலவரிசை, அடுத்து என்ன என்று இழுத்துப்போகும் நகர்வு. இருண்ட நாவலை எழுதுபவர் இதில் ஏதோ ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்விடுகிறார். அந்தக் காலி இடத்தில்தான் மூட்டம் வந்து உட்கார்கிறது. எடுக்கப்பட்டது எந்த வாசகரின் உயிர்நாடியோ, அவர் கோபித்துக்கொள்கிறார். மற்றவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

ஆகவே இந்த வகையில் முதல் நாவலைத் தேர்ந்தெடுப்பவர், 'எவ்வளவு இருட்டு தாங்குவேன்' என்று தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. 'எது இல்லாவிட்டால் எனக்கு எரிச்சல் வரும்' என்று கேட்டுக்கொண்டால் போதும். எல்லோரும் மாறிமாறிப் பரிந்துரைக்கும் ஐந்து நாவல்களை அந்தக் கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் 'வுதரிங் ஹைட்ஸ்'. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் முதல் புத்தகமாக நான் யாருக்கும் இதைக் கொடுப்பதில்லை. 1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற, ஆணா பெண்ணா என்று பிடிபடாத புனைபெயரில் வந்தது. எழுதிய எமிலி பிராண்ட்டி அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, 30 வயதில் இறந்துபோனார். அவர் எழுதி வெளியான ஒரே நாவல் இது. அவருடைய எழுதுபெட்டியில் நாவலுக்கு வந்த மதிப்புரைகள் ஐந்து, கத்தரித்து வைத்தபடி கிடைத்தன. அந்தக் காலத்து மதிப்புரைகள் பலவற்றின் தொனி, 'வலு இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் இவ்வளவு குரூரம் எதற்கு' என்பதுதான். 1850இல் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதிய சொந்த அக்கா ஷார்லட்டே, கதாநாயகன் ஹீத்க்ளிஃப் மாதிரி ஒரு பிறவியைப் படைப்பது சரிதானா என்று தயங்கியிருக்கிறார். இன்றைக்குப் பாதியில் வைப்பவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்கள்: "ஒருத்தரையும் பிடிக்கவில்லை."

உண்மைதான், ஒருத்தரையும் பிடிக்காது. இந்த நாவல் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது அதைத்தான். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி வரும். புதிதாகக் குடிவந்த லாக்வுட், பனிப்புயலில் மாட்டிக்கொண்டு ஹீத்க்ளிஃபின் வீட்டில் இரவு தங்குகிறான். ஜன்னலில் மரக்கிளை தட்டிக்கொண்டே இருக்கிறது. எரிச்சலில் கண்ணாடியைக் கையால் உடைத்து, கிளையைப் பிடிக்க வெளியே துழாவுகிறான். கைக்குள் வருவது ஐஸ் மாதிரி சில்லிட்ட ஒரு சின்னக் கையின் விரல்கள். உள்ளே விடச்சொல்லி ஒரு குழந்தைக் குரல் அழுகிறது. அவன் என்ன செய்கிறான்? அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடியின் மேல் வைத்து, ரத்தம் படுக்கையை நனைக்கும்வரை இழுத்து இழுத்துத் தேய்க்கிறான். கனவுதான் என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் இதைச் செய்பவன் ஹீத்க்ளிஃப் இல்லை. நாகரிகமான, கொஞ்சம் அசடான நகரத்து மனுஷன். நம்மைப் போல ஒருவன்.

இந்த இடத்தில் வாசகர்கள் பிரிவது நன்றாகவே தெரியும். 'அட, இவன்கூட இப்படியா' என்று நிமிர்ந்து உட்காருபவர்கள் கடைசிவரை போய்விடுவார்கள். 'குழந்தையின் கையைப் போய் இப்படியா' என்று முகம் சுளிப்பவர்கள் போகமாட்டார்கள், போகவும் வேண்டியதில்லை. ஏனென்றால் அப்புறம் இன்னும் மோசமாகும். கல்யாணம் செய்துகொள்ள உடன்போகும் இரவிலேயே மனைவியின் நாய்க்குட்டியைச் சுருக்கில் தொங்கவிடும் ஒருவன்தான் கதாநாயகன். ஆகவே இந்த நாவலுக்குப் பரீட்சை சுலபம்: மூன்று அத்தியாயம் படியுங்கள், அதற்குள் தெரிந்துவிடும்.

இதில் அதிகம் ஏமாறுகிறவர்கள் காதல்கதை என்று கேள்விப்பட்டு வருபவர்கள். 1939இல் வந்த ஹாலிவுட் படத்துக்கு அதில் பங்கு உண்டு. அதில் இரண்டாம் தலைமுறையின் கதையையே வெட்டிவிட்டார்கள். நாவலிலோ காதலி பாதியிலேயே செத்துப்போகிறாள். மீதிப் பாதி முழுக்க, அந்தக் காதலின் வட்டியைப் பிள்ளைகளிடம் வசூலிக்கும் கதை. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பெயர் வேறு. ஒரு துண்டுக் காகிதத்தில் வம்சாவளியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கிழட்டு வேலைக்காரன் ஜோசப்பின் வட்டார வழக்கு புரியாவிட்டால் தாண்டிப்போகலாம், குடிமுழுகாது. ஷார்லட்டே தன் பதிப்பில் அதைக் கொஞ்சம் மழுக்கித்தான் கொடுத்தார்.

'ரெபேக்கா' இதற்கு நேர் எதிர்த் துருவம். டாஃப்னி டு மாரியர் 1938இல் எழுதியது. பெரிய வீடு, செத்துப்போன முதல் மனைவி, விறைத்த முகத்தோடு நிற்கும் வீட்டுப் பொறுப்பாளர் மிஸஸ் டான்வர்ஸ், ஒரு மர்மம் என்று கதை நகர்ந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய நானூறு பக்கம் இருந்தாலும் பயணத்தில்கூடப் படிக்கலாம். நகர்வு இல்லாவிட்டால் மூச்சுமுட்டும் வாசகர் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். அப்படியானால் இது பறித்துக்கொள்வது என்ன? கதைசொல்லியின் பெயர். இரண்டாம் மனைவியாக வரும் அந்த இளம்பெண்ணின் பெயர் நாவல் முழுவதும் ஒரு இடத்தில்கூட வராது. தலைப்பிலேயே பெயர் கொண்டவள் செத்துப்போனவள்.

இதைப் பாதியில் வைப்பவர்கள் குறைவு. ஆனால் படித்தவர்கள் எரிச்சல்படுவது உண்டு, அதுவும் கதைசொல்லியின் மேல். "இவ்வளவு பயந்தாங்கொள்ளியா ஒருத்தி?" என்பது நிரந்தரப் புகார். அந்தப் பீங்கான் பொம்மை விஷயத்தைப் பாருங்கள். தன் சொந்த வீட்டில், தனக்கென்று உள்ள அறையில், கைதவறி ஒரு சின்னப் பீங்கான் மன்மதனை உடைத்துவிடுகிறாள். உடைத்தது அவளுடைய பொருள். ஆனால் என்ன செய்கிறாள் என்றால், துண்டுகளைப் பொறுக்கி ஒரு உறையில் போட்டு மேஜை இழுப்பறையின் ஆழத்தில் ஒளித்துவைக்கிறாள். பழி வேலைக்காரப் பையன் மேல் விழுந்து, விசாரணை வீட்டெஜமான் வரை வந்த பிறகுதான் உண்மையைச் சொல்கிறாள். வேலைக்கு வந்த பெண் பயப்படுகிற மாதிரி வீட்டுக்காரி பயப்படுகிறாள். இது சிலருக்குத் தலையிலடித்துக்கொள்ளத் தோன்றுகிற இடம். எனக்கு முழு நாவலின் பயமும் இந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. பேய் வரும் கதைகளைவிட, தன் வீட்டில் தானே விருந்தாளியாக இருப்பவளின் கூச்சம் நன்றாகவே பயமுறுத்துகிறது.

இன்னொரு பிளவும் உண்டு. இதைக் காதல்கதையாகப் படித்து உருகுபவர்கள் ஒரு பக்கம். டு மாரியரோ இதைப் பொறாமையைப் பற்றிய நாவலாகத்தான் நினைத்தார். 1940இல் ஹிட்ச்காக் எடுத்த படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. ஆனால் ஒரு முக்கியமான மரணம் எப்படி நேர்ந்தது என்பதையே அதில் மாற்றவேண்டியிருந்தது. நாவலில் உள்ளபடி காட்டினால் அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் விடாது. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அதனால் அந்தச் சங்கடம் தெரியாது. நாவலைப் படித்து முடிப்பவர், இவ்வளவு நேரம் யாருக்காகப் படபடத்தோம், யார் தப்பிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டோம் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கப்படவேண்டியிருக்கும். அந்த வேலையை இவ்வளவு சுவாரசியமாகச் செய்துவிட்டுப் போகிற நாவல் வேறு அதிகம் இல்லை. 'வெறும் பொழுதுபோக்கு' என்று இதை ஓரங்கட்டுபவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை.

விடை தெரியாவிட்டால் தூக்கம் வராத ஆளா நீங்கள்? அப்படியானால் ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' பக்கம் போகாதீர்கள், அல்லது நான்கு பேரோடு சேர்ந்து போங்கள். 1898இல் வார இதழ் ஒன்றில் தொடராக வந்த குறுநாவல் இது. தனித்த ஒரு மாளிகையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியை, செத்துப்போன இருவரின் உருவங்களைப் பார்க்கிறாள். குழந்தைகளை அவை பிடித்துக்கொள்ளும் என்று நடுங்குகிறாள். பேய் உண்மையிலேயே வருகிறதா, அவள் மனசுக்குள் மட்டும்தான் வருகிறதா? 1934இல் எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர், எல்லாமே அவள் மனப்பிரமை என்று ஒரு கட்டுரை எழுதினார். அன்று சூடுபிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

சண்டை ஓயாததற்குக் காரணம், இரு தரப்புக்கும் கைவசம் சாட்சி இருப்பதுதான். பேய் கட்சி சொல்வது: பார்த்த ஆணின் சிவந்த தலைமுடி, முகவெட்டு, உடை எல்லாவற்றையும் அவள் வர்ணிக்கிறாள். வீட்டுப் பொறுப்பாளர் மிஸஸ் க்ரோஸ் உடனே அது செத்துப்போன பீட்டர் க்விண்ட் என்று அடையாளம் சொல்கிறாள். பார்த்தே இராத ஆளை அவளால் எப்படி வர்ணிக்க முடிந்தது? பிரமைக் கட்சி சொல்வது: ஏரிக்கரையில் 'அதோ, அங்கே' என்று ஆசிரியை கைகாட்டும்போது பக்கத்திலேயே நிற்கும் அதே மிஸஸ் க்ரோஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் கதையிலேயே இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட முடியாதபடி ஜேம்ஸ் நிறுத்திவைத்திருக்கிறார். பின்னாளில் எழுதிய முன்னுரையில், எளிதில் சிக்காதவர்களைச் சிக்கவைக்கும் பொறி இது என்கிற மாதிரி சொல்லி, விடை சொல்லாமல் நழுவிவிட்டார்.

இதில் பலரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்துவது இருட்டும் இல்லை, விடையின்மையும் இல்லை, வாக்கியங்கள்தான். 1897 வாக்கிலிருந்து ஜேம்ஸ் கையால் எழுதுவதை விட்டுத் தட்டச்சருக்கு வாயால் சொல்லி எழுதத் தொடங்கியிருந்தார். வாக்கியத்துக்குள் வாக்கியம், அதற்குள் ஒரு 'இருந்தாலும்', அதைத் திருத்த இன்னொரு 'ஒருவேளை' என்று போய்க்கொண்டே இருக்கும். நூறு பக்கம் சொச்சம்தானே என்று ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பவர் திணறுவார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

இதற்கு நேர்மாறான வேகம் கேட்பது ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பராமோ'. 1955இல் மெக்சிகோவில் வந்த இந்த நாவலைத் தினம் பத்துப் பக்கமாகப் பிய்த்துப் படித்தால் நூல் கைவிட்டுப் போய்விடும். ஒரே உட்காரலில், முடிந்தால் ஒரே இரவில் படிக்கவேண்டும். நூற்றைம்பது பக்கத்துக்குள்தான் இருக்கும். அத்தியாயங்கள் கிடையாது, துண்டுதுண்டான பகுதிகள். இவர் தூக்கிப்போனது காலவரிசையை. கூடவே, பேசுகிறவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்கிற நிச்சயத்தையும்.

செத்துக்கொண்டிருக்கும் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, பார்த்தே இராத தகப்பனைத் தேடி ஒரு மகன் கோமாலா என்ற ஊருக்கு இறங்கி வருகிறான். வழியில் துணைக்கு வரும் கழுதைக்காரன், அந்த ஊரின் வெக்கையைப் பற்றி ஒன்று சொல்வான்: இந்த ஊர்க்காரர்கள் செத்து நரகத்துக்குப் போனால், அங்கே குளிர்கிறதென்று போர்வையை எடுத்துப்போகத் திரும்பி வருவார்களாம். அப்புறம் சாதாரணமாக, தானும் பெத்ரோ பராமோவின் மகன்தான் என்பான். அந்த ஆள் செத்துப் பல வருஷமாகிறது என்பான். பிறகு ஊருக்குள் ஒரு கிழவி, அந்தக் கழுதைக்காரனே செத்துப்போனவன்தானே என்பாள். முதல் சில பக்கங்களில் இவ்வளவும் நடந்துவிடும். சிரித்துக்கொண்டே உள்ளே போய், எந்த இடத்தில் சிரிப்பு நின்றது என்று தெரியாமல் மாட்டிக்கொள்வோம்.

வெளிவந்தபோது இதற்கு மையமே இல்லை என்று குறைப்பட்ட மதிப்புரையும் உண்டு, விற்பனையும் மந்தம்தான். 1961இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்த எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் கையில் ஒரு நண்பர் இதைக் கொடுக்க, அவர் அன்றிரவே இரண்டு முறை படித்துவிட்டுத்தான் தூங்கினார். மையமில்லை என்று சொன்னவர் படித்ததும் இரண்டு முறை படித்தவர் படித்ததும் ஒரே புத்தகம்தான். 'இப்போது பேசுவது யார்' என்பது தெரியாமல் அடுத்த வரிக்குப் போக முடியாதவருக்கு இது நரகம். தெரியாவிட்டால் பரவாயில்லை, போகப்போகத் தெரியும் என்று விடுகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இடமே உணர்ச்சியைச் சுமக்கும் என்பது சங்கப் பாடல்கள் படித்தவர்களுக்குப் புதிதும் அல்ல. பாலையின் வெயிலைப் பார்த்து 'இதில் கதை எங்கே' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே பதினைந்து, இருபது அடியில் பாட்டு முடிந்துவிடும். அதே பொறுமையை நூறு பக்கத்துக்குக் கேட்கும்போதுதான் வழக்கு ஆரம்பிக்கிறது.

கார்மாக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2006இல் வந்து 2007இல் புலிட்சர் பரிசு பெற்றது. எரிந்து சாம்பலான உலகத்தில் பெயரில்லாத ஒரு அப்பாவும் மகனும் தள்ளுவண்டியோடு தெற்கே நடக்கிறார்கள். என்ன பேரழிவு என்றுகூட விளக்கம் இல்லை. உரையாடலுக்கு மேற்கோள்குறியும் கிடையாது. இங்கே காணாமல்போனது மாற்றம்: சாம்பல், குளிர், பசி, மறுபடி சாம்பல். இழுவை என்பவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மொழி எளிது, மேலே சொன்ன நான்கில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: அந்த இருவரின் மேல் வரும் பிரியம். யாரையாவது பிடித்தால்தான் படிக்க முடியும் என்பவர் இருட்டிலேயே ஆக இருட்டான இதைத் தாங்கிவிடுவார், வெளிச்சம் அதிகமுள்ள 'வுதரிங் ஹைட்ஸை'த் தாங்கமாட்டார். அளவு முக்கியமில்லை என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

தனியாகப் படிப்பவர் என்னிடம் கேட்டால், பெரும்பாலும் 'ரெபேக்கா' என்றுதான் சொல்வேன். துப்பறியும் கதையும் குடும்பக் கதையும் மட்டும் படித்து வந்தவரைக்கூட அது கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போய்விடும். கவிதை படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் நேராக 'பெத்ரோ பராமோ'. இந்த இரண்டில் எது ஒட்டினாலும் அடுத்ததாக 'வுதரிங் ஹைட்ஸ்' எடுக்கலாம். 'ரெபேக்கா'வின் கதைசொல்லி மேல் கோபம் வந்தவர்கள் கட்டாயம் எடுக்கவேண்டும், அங்கே நாயகி பயந்தாங்கொள்ளி கிடையாது. மனசு ஏற்கெனவே கனத்துக் கிடக்கும் நாட்களில், துக்கம் நடந்த வீட்டில் இருந்துகொண்டு, இவற்றில் எதையும் தொடங்கச்சொல்லி நான் சிபாரிசு செய்வதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இதுதான் ஆறுதல் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாட நான் தயாரில்லை.

வாசிப்பு வட்டத்துக்கு என்றால் கணக்கே வேறு. அங்கே எல்லோருக்கும் பிடிக்கும் புத்தகம் கூட்டத்தைப் பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிடும். "நன்றாக இருந்தது", "ஆமாம், எனக்கும்", அவ்வளவுதான். 'தி ரோட்' அந்த ரகம். எல்லோரும் கலங்கியிருப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். 'வுதரிங் ஹைட்ஸ்' எடுத்தால் பாதிப் பேர் முடிக்காமல் வருவார்கள். குழுவுக்கு என் ஓட்டு 'டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வுக்கு. சின்னப் புத்தகம், திணறினாலும் முடித்துவிடுவார்கள். விடை இல்லாத கோபத்தை ஒருவர்மேல் ஒருவர் கொட்டிக்கொள்ள ஆளும் இருக்கும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பேயா பிரமையா என்ற சண்டை இருப்பதை முன்கூட்டி யாருக்கும் சொல்லாதீர்கள், முன்னுரை இருந்தால் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள். எதுவும் தெரியாமல் படிப்பவர்களில் சிலர் பேய்க்கதை படித்ததாக நினைத்துக்கொண்டு வருவார்கள், சிலர் பைத்தியக்காரியின் கதை படித்ததாக நினைத்துக்கொண்டு வருவார்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவர் வேறு கதை படித்திருக்கிறார் என்பதே கூட்டத்தில்தான் தெரியவரும். இதுவரை படித்துவிட்ட உங்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. மற்றவர்களுக்காவது மிச்சம் வையுங்கள்.